பெயர் பொறிக்கப்படாத நினைவு

நுழையும்முன்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து வைத்தனர் நம் முன்னோர். இறந்தவரை மறவாதிருக்க மனிதர் கண்ட வழிகளுள் அதுவும் ஒன்று. தங்கையை நோய்க்குப் பறிகொடுத்த தமிழ்ப்பெண் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வழியைத் தேர்ந்தார். கல் நாட்டுவதற்கே அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் காத்திருப்பின் கதையே இப்பாடம்.

ஊர்ப்பெயரும் நோய்ப்பெயரும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்தால் தவளக்குப்பம் வரும். கடலுக்கு அணித்தாக, வயலும் தோப்பும் கடைத்தெருவுமாக அமைந்த ஊர் அது. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முதியோரிடம் பேசிப் பார்த்தால் ஒரு சொல்வழக்கைக் கேட்கலாம். ஒருவரை அடையாற்றுக்கு அழைத்துச் சென்றார்கள் என்று சொன்னால், கேட்பவர் அதற்குமேல் எதுவும் வினவமாட்டார். நோயின் பெயரை வாயால் உச்சரிக்க அஞ்சிய மக்கள், அந்நோய்க்கு மருத்துவம் கிடைத்த ஊரின் பெயரையே நோய்க்கும் பெயராக வைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இவ்வழக்கு உண்டு.

இன்று புதுச்சேரியின் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையிலேயே புற்றுநோய்க்கான மண்டல மையம் இயங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு நிலைமை அவ்வாறில்லை. நோயுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மருத்துவக் குறிப்புகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பேருந்தில் சென்ற பெற்றோர் எத்தனையோ பேர். சென்றடைந்த இடத்தில் அவர்களுக்காக ஒரு கட்டில் காத்திருந்தது. அந்தக் கட்டில் அங்கே எவ்வாறு வந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

திரைக்கு இப்பால்

புதுக்கோட்டைச் சீமையில் 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசையும் நடனமும் வாழ்க்கையாகக் கொண்ட குலத்தில் பிறந்தவர். அத்திருமணத்தை ஏற்காத உறவினர் தந்தையை ஒதுக்கி வைத்தனர். இருபுறத்து உலகங்களுக்கும் நடுவே, எதற்கும் முழுமையாக உரியவராக இல்லாமல் வளர்ந்த பெண் முத்துலட்சுமி. ஒதுக்கப்படுதல் என்றால் என்ன என்பதை அவருக்கு எவரும் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

பள்ளியிறுதித் தேர்வை வீட்டிலிருந்து படித்தே வென்றார். அதன்பின் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் பயிலும் கல்லூரியில் ஒரு பெண் அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர். அப்பெண்ணின் பிறப்பைச் சுட்டி இழித்துப் பேசியோரும் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்புகளைப் புறந்தள்ளி 1904-இல் அவருக்கு இடமளித்தார்; உதவித்தொகையும் வழங்கினார். வகுப்பில் ஆண்களுக்கும் அவருக்கும் இடையே திரை கட்டப்பட்டது. திரைக்கு இப்பால் அமர்ந்து படித்தவர் தேர்வில் சிறப்பாகத் தேறினார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பதக்கங்களோடும் மருத்துவப் பட்டத்தோடும் வெளியே வந்தார். எழும்பூரிலிருந்த அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அவர் இசைந்தார். அந்த நிபந்தனை இன்றைய மாணவர்க்கும் வியப்பளிக்கக்கூடும்.

சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளை நீங்கள் கீழ்வகுப்புகளிலேயே படித்திருப்பீர்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராகி, அவையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டபோது பதவியைத் துறந்தார். அவ்வழக்கத்திலிருந்து தப்பி அடைக்கலம் தேடி வந்த சிறுமியர்க்காகத் தொடங்கிய இல்லத்திற்கு ஔவையின் பெயரைச் சூட்டினார். இவற்றுள் ஒவ்வொன்றும் தனிநூலாக விரியத்தக்கது. இப்பாடம் அவற்றைக் கடந்து, அவர் வாழ்வில் மிக நீண்ட காலம் நிறைவேறாமலே இருந்த ஒரு விருப்பத்தின்மீது கண்வைக்கிறது.

தங்கை

1920-களின் முற்பகுதியில் முத்துலட்சுமியின் தங்கை நோய்வாய்ப்பட்டார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. அதற்கேற்ற மருந்துகளே தரப்பட்டன. உண்மையில் அது மலக்குடலில் வளர்ந்துகொண்டிருந்த புற்றுநோய். அதனை இனங்கண்டபோது காலம் கடந்துவிட்டது. இளம்வயதிலேயே அவர் இறந்துபோனார்.

மருத்துவர் வீட்டில் நிகழ்ந்த மரணம் இது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பட்டமும் பதக்கமும் பெற்ற மருத்துவர் ஒருவர் உடனிருந்தும், கணவரும் மருத்துவராக இருந்தும், நோய் தன் உருவை மறைத்துக்கொண்டது. கண்டறிந்த பின்னரும் அதனை எதிர்க்கத் தக்க கருவி எதுவும் அருகில் இல்லை. அறியாமையால் ஓர் உயிரை இழப்பது ஒருவகைத் துயரம். அறிந்தும் கையறுநிலையில் நிற்பது வேறுவகை. முத்துலட்சுமி இரண்டையும் ஒரே இழப்பில் கண்டார்.

1925-இல் அரசின் உதவித்தொகையுடன் மேற்படிப்புக்காக அவர் இங்கிலாந்து சென்றார். இலண்டன் செல்சீப் பகுதியிலிருந்த மகளிர் மருத்துவமனையில் பயின்றார். அந்நகரில் புற்றுநோய்க்கென்றே தனியாக இயங்கிய மருத்துவமனையையும் கண்டார். இராண்ட்ஜன் ஊடுகதிர்களைக் கண்டறிந்தது 1895-இல். கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டறிந்தது 1898-இல். முப்பது ஆண்டுகளுக்குள் அக்கதிர்கள் மருத்துவரின் கையில் கருவிகளாகிவிட்டிருந்தன. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுவையாலும் கதிர்வீச்சாலும் சிலரைக் காப்பாற்ற முடிந்தது. தம் ஊரில் எல்லோரும் தலைவிதி என்று கைவிட்டுவிடும் ஒரு நோய், இங்கே மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. கடலுக்கு அப்பால் அவர் கண்ட வேறுபாடு அதுவே. தங்கை மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் அக்காட்சி அவருக்கு ஆறுதல் தந்ததா, வேதனையைப் பெருக்கியதா என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்பதும் கொடுப்பதும்

தாயகம் திரும்பிய முத்துலட்சுமியைச் சட்டமன்றப் பணியும் சமூகப் பணியும் ஈர்த்துக்கொண்டன. எனினும் புற்றுநோய் மருத்துவமனை என்னும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. தாம் பயின்ற கல்லூரியின் அவ்விழாவில், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட வேண்டும் என்னும் தம் விருப்பத்தை அவையறிய வெளியிட்டார். சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டி பர்னார்டு கதிரியல் நிலையம் அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. ஆயினும் புற்றுநோயாளர்க்கென்றே அமைந்த, அறுவையும் கதிர்வீச்சும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் மருத்துவமனை தென்னாட்டில் இல்லை.

அறிவித்தது எளிது, பணம் திரட்டுவது எளிதாக இல்லை. இதற்கான காரணத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குவது நல்லது. கோயில் திருப்பணிக்குக் கேட்டால் கொடுப்பவருக்குப் புண்ணியம் கிடைக்கிறது. அனாதைச் சிறுமியர்க்குக் கேட்டால் சிறுமியின் முகம் கொடுப்பவரின் நெஞ்சைத் தொடுகிறது. பள்ளிக்குக் கொடுத்தால் பத்தாண்டில் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. புற்றுநோய்க்கு இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர்தாமே, அவருக்காக ஏன் செலவிட வேண்டும் என்னும் எண்ணம் செல்வரிடமும் இருந்தது, படித்தவரிடமும் இருந்தது, அதிகாரத்தில் இருந்தவரிடமும் இருந்தது. மருத்துவமனை இல்லாததால் நோயாளர் இறந்தனர்; நோயாளர் இறந்ததால் மருத்துவமனை வீண் என்று கருதப்பட்டது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். முத்துலட்சுமியின் உண்மையான போராட்டம் பணத்திற்காக மட்டும் நடந்ததன்று; அந்த எண்ணத்தை எதிர்த்தும் நடந்தது.

இதே காலத்தில் பம்பாயில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொழிலதிபர் தொராப்சி டாட்டாவின் மனைவி மெகர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டிலேயே அவர் நினைவாக, அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்யும் அறக்கட்டளையைத் தொராப்சி நிறுவினார். அவ்வாண்டே அவரும் மறைந்தார். 1941-இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இழப்புக்கும் மருத்துவமனைக்கும் இடையே பத்தே ஆண்டுகள். அங்கே செல்வம் முன்பே இருந்தது. துயரம் அதற்கு ஒரு திசையைக் காட்டியது. முத்துலட்சுமியிடம் இருந்தது துயரமும் திசையும் மட்டுமே.

செல்வம் இல்லாதவருக்குத் துணையாக அமைந்தது பெண்களின் கூட்டு. 1917-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தில் அவர் நெடுங்காலம் பொறுப்பேற்றிருந்தார். அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முனைந்ததும் அச்சங்கமே. அச்சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. இன்றும் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயரோடு இந்திய மாதர் சங்கத்தின் பெயர் சேர்ந்தே வழங்குகிறது. பெரும்பாலோர் அவ்வெழுத்துகளைப் பொருளறியாமலே கடந்து செல்கின்றனர்.

கொடை கேட்பவருக்கு வேண்டிய குணங்களை நாம் பொதுவாகப் போற்றுவதில்லை. மறுத்தவர் வாயிலுக்கே மீண்டும் செல்லவேண்டும். கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் முகம் வாடாமல் ஏற்கவேண்டும். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைக்கவேண்டும். இரண்டாம் உலகப்போர் வந்தது, பஞ்சமும் பங்கீடும் வந்தன, விடுதலை வந்தது, பிரிவினைத் துயரமும் வந்தது. ஒவ்வொன்றும் புற்றுநோயைவிட அவசரமானதாகவே பிறருக்குத் தோன்றியிருக்கும். ஐம்பது வயதில் தொடங்கிய வேண்டுகோளை அறுபது வயதிலும் அதே உறுதியோடு சொல்லிக்கொண்டிருப்பது எளிய செயலன்று.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறாமல் செல்ல மனமில்லை. முத்துலட்சுமி பட்டம்பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின் அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் மாணவர் பயின்றார். ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த அவரும் உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவரே. பின்னாளில் அமெரிக்காவில் அவர் வழிநடத்திய ஆய்வுக்குழு, போலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. 1948-இல் வெளியான அம்முடிவுகளே குழந்தைப் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் தொடக்கம். அவ்வாண்டில்தான் ஃபார்பரின் ஆய்வுக்காக, நோயுற்ற ஒரு சிறுவனை முன்னிறுத்தி வானொலி வழியே மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. மூளைக்கட்டியால் 1947-இல் பதினேழு வயது மகனை இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் கந்தர், அம்மகனைப் பற்றி எழுதிய நூலின் வருவாயைக் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அளித்ததும் அக்காலத்தில்தான். உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், இழப்பைக் கொடையாக மாற்றும் வேலையை ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்துகொண்டிருந்தனர்.

பன்னிரண்டு கட்டில்கள்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்துக்குப் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் நிலையம் செயல்படத் தொடங்கியது. கட்டில்கள் பன்னிரண்டு. முத்துலட்சுமிக்கு அப்போது 68 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. தங்கை இறந்து முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

அந்நாளில் தவளக்குப்பத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் புதுச்சேரியின் ஆட்சிப்பொறுப்பு இந்தியாவுக்கு மாறியது. 1823-இலேயே பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி தொடங்கிய நகரம் புதுச்சேரி. இன்றைய ஜிப்மர் அம்மரபின் வழித்தோன்றல். எனினும் புற்றுநோய்க்கென்று ஓரிடம் தேடியவர்க்கு அந்நாளில் எல்லை கடந்து வடக்கே செல்வதே வழியாக இருந்தது.

கட்டடம் எழுந்துவிட்டால் மருத்துவமனை அமைந்துவிடாது. தம் இளைய மகனும் அறுவை மருத்துவருமான கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் மருத்துவத்துக்கே முத்துலட்சுமி ஆட்படுத்தியிருந்தார். 1955-இல் இளம்பெண் மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் உறுதியான பதவி காத்திருக்க, அதனை ஏற்காமல் இங்கு வந்தவர் அவர். முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். அதன்பின் மாதம் இருநூறு ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும் அளிக்கப்பட்டன. அவரே மருத்துவர் வி. சாந்தா. 2021-இல் மறையும்வரை அவர் அவ்வளாகத்தை விட்டு நீங்கவில்லை. 2005-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

1950-களின் நடுவில் கனடாவிலிருந்து கோபால்ட்–60 கதிர்வீச்சுக் கருவி அடையாற்றுக்கு வந்தது. ஆழத்தில் இருக்கும் கட்டியைத் தோலை அதிகம் கருக்காமல் தாக்கும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டு. அன்றைய இந்தியாவில் அது மிகப் புதிய கருவி. பன்னிரண்டு கட்டில்களே உள்ள ஒரு நிலையம், பெருநகர மருத்துவமனைகளிலும் இல்லாத கருவியை நாடியது ஏன்? இலண்டனில் கண்டதை முத்துலட்சுமி மறக்கவில்லை என்பதே விடை. இரக்கத்தால் மட்டும் நடத்தப்படும் இல்லமாக அந்நிலையம் குறுகிவிடுவதை அவர் விரும்பவில்லை. இறப்போர்க்கு ஆறுதல் தரும் இடத்தைக் கட்டுவது எளிது. பிழைக்க வைக்கும் இடத்தைக் கட்டுவதற்கு அறிவியல் வேண்டும், கருவி வேண்டும், ஆராய்ச்சி வேண்டும். இம்மூன்றுக்கும் பணம் வேண்டும். ஆகவே நிலையம் திறக்கப்பட்ட பின்னும் கேட்பது நிற்கவில்லை. வசதியற்ற நோயாளர்க்குக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பார்த்த நிலையம், அதற்கான செலவை மீண்டும் மீண்டும் மக்களிடமே வந்து கேட்டது.

1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

குழந்தைகளின் கூடம்

1960-இல் அடையாறு நிலையத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. குழந்தைகளுக்கும் புற்றுநோய் வருமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் அது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களிலிருந்து குழந்தைகளுக்கு வருபவை இயல்பிலேயே வேறுபட்டவை. புகையிலையாலோ நெடுங்காலப் பழக்கத்தாலோ அவை வருவதில்லை. உலக அளவில் குழந்தைகளை மிகுதியாகத் தாக்குவது இரத்தப் புற்றுநோய். அதற்கு அடுத்த நிலையில் இருப்பவை மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் கட்டிகள்.

முத்துலட்சுமியின் தங்கைக்கு நேர்ந்தது இக்கட்டிகளைப் பொறுத்தவரை இன்றும் பல இல்லங்களில் நேர்கிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காத பேழை. அதனுள் கட்டி வளரும்போது அழுத்தம் மிகும். படுத்திருக்கையில் அது மேலும் கூடும். எனவே குழந்தை காலையில் எழும்போதே தலைவலியோடு எழும்; வாந்தி எடுக்கும்; எடுத்தபின் வலி சற்றுத் தணியும். பகலில் விளையாடவும் செய்யும். வயிற்றுக் கோளாறு என்று மருந்து தரப்படும். பள்ளிக்குச் செல்ல விரும்பாமல் நடிக்கிறது என்று சில வீடுகளில் அடியும் விழும். பார்வை மங்கினால் கண்ணாடி வாங்கிக் கொடுப்பர். நடை தள்ளாடும்போதுதான் ஐயம் பிறக்கும். சீதபேதி என்று கருதப்பட்ட புற்றுநோய்க்கும் செரியாமை என்று கருதப்படும் மூளைக்கட்டிக்கும் இடையே இருப்பது ஒரே பிழையே. காலைத் தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் அதனை அவ்வாறே எடுத்துச் சொல்லுதல் வேண்டும்; தம்பி தங்கையர் உள்ள மாணவர்கள் இதனை நினைவில் கொள்வது நல்லது.

கண்டறிந்த பின்னும் சிக்கல்கள் உண்டு. உடலின் பிற பகுதிகளுக்கு எளிதில் சென்று சேரும் மருந்துகள் பலவற்றை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் இயற்கைக் காப்பு ஒன்று குருதி நாளங்களில் இருக்கிறது. நஞ்சிலிருந்து மூளையைக் காக்கும் அவ்வரணே மருந்துக்கும் தடையாகிறது. கதிர்வீச்சு உதவும், ஆயினும் மிகச் சிறு குழந்தைகளுக்கு அது வளரும் மூளையையே பாதிக்கும். ஆகவே புதுவழிகளைத் தேடும் ஆராய்ச்சி தேவை. நோயுறும் குழந்தைகளின் எண்ணிக்கை பெரியவர்களோடு ஒப்பிடக் குறைவு என்பதால், மருந்து நிறுவனங்களுக்கு அதில் ஆதாயமும் குறைவு. குழந்தையை இழந்த பெற்றோர் நிதி திரட்டி ஆராய்ச்சிக்கு அளிப்பதை உலகின் பல நாடுகளில் இன்று காண்கிறோம். முத்துலட்சுமி செல்வர் வாயில்களில் கேட்ட அதே மறுமொழியை அவர்களும் கேட்கின்றனர். அவரைப் போலவே மீண்டும் செல்கின்றனர்.

1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள், 82 வயது நிறைவதற்கு எட்டு நாள்கள் இருக்கையில், முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் காலமானார். அவர் பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது. கருவுற்ற ஏழைப் பெண்களுக்கான அரசு நிதியுதவித் திட்டமும், 1984-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவக் கல்லூரியும் அவர் பெயர் தாங்கியுள்ளன. தங்கையின் பெயரை எந்தக் கட்டடத்தின் முகப்பிலும் அவர் எழுதச் செய்யவில்லை. டாட்டா நினைவு மருத்துவமனை தன் பெயரிலேயே நினைவைத் தாங்கி நிற்க, அடையாற்றுப் பலகையில் நோயின் பெயரும் ஒரு மாதர் சங்கத்தின் பெயருமே இருக்கின்றன.

பன்னிரண்டாகத் தொடங்கிய கட்டில்கள் இன்று பல நூறாகியுள்ளன. வங்கக் கடலோரமாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவுப் பேருந்துகள் இன்றும் ஓடுகின்றன. கடலூர் பக்கத்திலிருந்து வரும் பேருந்து தவளக்குப்பத்தில் சிறிது நேரம் நின்று கிளம்பும். விடியற்காலையில் சென்னையை அடைந்து, உறங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடையாற்றுக்கு வழி கேட்பவரிடம், எந்த மருத்துவமனை என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை.